உருண்டைக்கு எடுத்த இடுப்பளவு

எங்கள் தெருத் தையல்கார அக்காவுக்கு யார் மனசையும் நோகடிக்க வராது. பருமனானவர்களுக்கு அளவெடுத்தால் வாயால் இரண்டு இஞ்ச் குறைத்துச் சொல்வார். துணியை மட்டும் சரியாக வெட்டுவார்.

அவருடைய பூனை உருண்டை நாலடி நடந்தாலே மூச்சு வாங்கினான்.

"பட்டினி போட்டுடாதீங்கம்மா, ஈரல் கெட்டுடும். சாப்பாட்டைக் கொஞ்சங்கொஞ்சமா குறைங்க, விளையாட விடுங்க. இடுப்பளவையும் பார்த்துட்டே வாங்க" என்றார் கால்நடை டாக்டர்.

அடுத்த மாதம் அக்கா, "ரெண்டு இஞ்ச் இளைச்சுட்டான்!" என்றார். டாக்டரின் தராசிலோ எடை கூடியிருந்தது. தான் சொன்ன அளவைத் தானே நம்பிக் கிண்ணத்தை நிரப்பியிருக்கிறார்.

"பூனைக்குமா பொய் அளவு?"

"அவன் மூஞ்சியையே பார்த்தான், டாக்டர். எப்படிச் சொல்றது?"

அன்று முதல் அளவெடுக்கும்போதெல்லாம் அக்காவின் கணவர் உருண்டையின் காதைப் பொத்திக்கொள்வார். அக்கா உண்மையைச் சொல்வார். கடவுள் கிருபையால் உருண்டை இப்போது தையல் மெஷின்மேல் தாவுகிறான்.