அமெரிக்க நாயகிகளும் அவர்களுடைய மாமன் மகன்களும்

ஊமைப் படத்துக்கு வாய் கொடுப்பது சுலபமான பிழைப்பு என்று நினைப்பவர்கள், ஒரே ஒரு மாலை பிரிக்பீல்ட்ஸ் கொட்டகையில் என் இடத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். "கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும்" என்று வாய்விட்டுச் சொன்ன பாவத்துக்காக, ஊரார் தந்தியையும் மருந்துச் சீட்டையும் படித்துச் சொல்லியே நொந்துபோன வாசகர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

அப்போதெல்லாம் படம் பேசாது. ஆட்கள் வாயை அசைப்பார்கள், நடுநடுவே ஆங்கில எழுத்து வரும். திரையோரம் நின்று அதைத் தமிழில் உரக்கச் சொல்வது என் வேலை. படங்கள் அமெரிக்காவிலிருந்து வந்தவை. நான் பள்ளியில் படித்த ஆங்கிலத்தில் இல்லாத சொற்கள் வாராவாரம் புதிதாக வந்து இறங்கும். என்னிடமிருந்த அகராதி அவற்றைக் கேள்விப்பட்டதே இல்லை.

சவரிமுத்துவின் நிபந்தனை

கொட்டகையின் நடுவே மூங்கில் தட்டி கட்டியிருந்தோம். ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். பெண்களைப் படத்துக்கு அனுப்பலாமா என்று ரயில்வே குவார்ட்டர்ஸில் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. காய்கறி வாங்கும் பாசாரையும் கோயிலையும் விட்டால் வேறு போக்கிடமில்லாத அந்தப் பெண்களுக்கு, வாரத்தில் கிடைக்கப்போகிற ஒரே மாலை அது. இல்லாமல் போனால் அவர்கள் எவ்வளவு ஏங்கிப்போவார்கள் என்று எனக்குத் தெரியும்.

குவார்ட்டர்ஸ் ஆண்கள் சார்பில் பேசுகிறவர் ஃபிட்டர் சவரிமுத்து. கடைசியில் அவர் சம்மதித்து, தன் மனைவி பிலோமினாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டவும் வராது, அதனால் என் வாயைக் காவல் காக்க முன் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்காருமுன் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"தம்பி, எழுத்துல என்ன வருதோ எனக்குத் தெரியாது. ஒங்க வாயில ஒரு கெட்ட வார்த்த வந்துச்சு, அடுத்த வாரம் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பள இருக்கமாட்டா."

தட்டு மாற்றிய பெண்

ஆணும் பெண்ணும் பேசிவைத்துக்கொண்டு வெளியே சாப்பிடப் போவதற்கு அமெரிக்கர்கள் 'டேட்' என்று ஒரு பெயர் கண்டுபிடித்திருந்தார்கள். அதை அப்படியே சொன்னால் தட்டிக்கு அந்தப் பக்கம் காலி. ஆகவே, "நிச்சயதார்த்தம் முடிந்து, தட்டு மாற்றியாயிற்று. மாப்பிள்ளை பெண்ணை விருந்துக்கு அழைத்துப்போகிறார்" என்றேன். சவரிமுத்து திருப்தியாகத் தலையாட்டினார்.

அடுத்த ரீலில் அந்தப் புண்ணியவதி வேறொருவன் காரில் ஏறி உட்கார்ந்தாள். முதல் மாப்பிள்ளைக்கு ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். வியர்வையைத் துடைப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்துவிட்டார்:

"பொருந்தலேன்னா சரி. மாத்துன தட்ட மொத மாப்பிள வீட்டுக்குத் திருப்பி அனுப்புனாங்களா இல்லியா, அதச் சொல்லுங்க."

தாய்மாமன்கள்

அடிபட்டுத் தெளிந்த பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். 'பாய் ஃபிரண்ட்' என்று எழுத்து வந்தால் "மாமன் மகன்" என்று சொல்லிவிடுவேன். முறைமாப்பிள்ளை என்றால் கையைப் பிடிக்கலாம், கேலி பேசலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். முத்தம் வரும்போது மட்டும் எனக்கு இருமல் வரும்.

சில மாதங்கள் நிம்மதியாக ஓடின. ஒரு நாள் வந்த படத்தில் கதாநாயகியின் பின்னால் ஒரு பட்டாளமே சுற்றியது. நானும் சளைக்காமல் எல்லாரையும் மாமன் மகனாக்கினேன். கிள்ளானிலிருந்து வந்திருந்த ஒரு லோரி ஓட்டுநர் இடைவேளையில் என் தோளைத் தட்டினார்:

"அண்ணே, அமெரிக்காவுல ஒரு பொண்ணுக்கு எத்தன தாய்மாமன்தான் லா இருப்பாங்க?"

ஓகே

'ஓகே'யால் எனக்கு ஆபத்து வரவில்லை, ஸ்டேஷன் போர்ட்டர் வேங்கடாசலத்துக்கு வந்தது. பாவம், நல்ல மனிதன். படத்தில் பார்த்த அந்தச் சொல் அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அர்த்தம் கேட்டான். "சரி என்று அர்த்தம்" என்றேன். மறுநாள் ஏதோ வேலை ஏவிய வெள்ளைக்காரத் துரையிடம் மரியாதையாக "ஓகே சார்" என்று சொல்லியிருக்கிறான். துரைக்கு அமெரிக்கப் பேச்சென்றாலே ஆகாது. முகம் சிவக்கக் கத்தித் தீர்த்துவிட்டார்.

வேங்கடாசலம் நேராக என்னிடம் வந்தான். கோபம்கூட இல்லை, குழப்பம்தான்:

"அண்ணே, இங்கிலீஷ்ல சொன்னதுக்கு, ஒழுங்கா இங்கிலீஷ்ல பேசுன்னு திட்டுறாரு. நான் இனிமே எந்தப் பாஷைக்குப் போறது?"

தட்டிக்கு அந்தப் பக்கம்

பிறகு அந்தப் படம் வந்தது. அதில் குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைக் கதாநாயகி டைவர்ஸ் செய்துவிடுகிறாள். அவன் கெஞ்சும்போது அவள் சொல்கிற பதில், அக்காலத்துப் புதுப் பேச்சில், 'ஐ ஆம் த்ரூ'. உன் சங்காத்தமே வேண்டாம் என்று பொருள். முன் பெஞ்சில் சவரிமுத்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புருஷன் திருந்த வேண்டும் என்று அந்த உத்தமி தாய்வீட்டில் நோன்பிருக்கிறாள்" என்று சொல்லி முடித்தேன். திரையில் உத்தமி ஒரு ஓட்டலில் தொப்பி வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள்.

பெண்கள் பக்கத்திலிருந்து கொட்டகையே அதிரும்படி சிரிப்பு எழுந்தது. சவரிமுத்து எழுந்து நின்றார். "அங்க என்ன சிரிப்பு?" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாம் முடிந்தது, இனி இந்தப் பெண்கள் வரப்போவதில்லை என்று நினைத்தபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அப்போது தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பிலோமினாவின் குரல் கேட்டது: "அந்தம்மா நோன்பிருக்கறதக் கேட்டுச் சந்தோஷப்பட்டோங்க." சவரிமுத்து "நல்ல பொம்பள" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

படம் முடிந்து அவர் ரிக்‌ஷா பிடிக்கப் போன நேரத்தில் பிலோமினா என்னிடம் வந்தார். சேலைத் தலைப்பால் வாயை மூடியிருந்தும் சிரிப்பு அடங்கவில்லை:

"அண்ணே, நாங்க பாதிப்பேரு கான்வென்ட்ல படிச்சவங்க. வர்ற எழுத்த நாங்களே படிச்சுக்கறோம். நீங்க ஆம்பளைங்களுக்கு இப்புடியே சொல்லிக்கிட்டிருங்க, ஒரு வார்த்தகூட மாத்திராதீங்க."

மொழிபெயர்க்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், ஆனால் கொட்டகை நிறைந்ததென்னவோ நான் மொழிபெயர்க்காமல் விட்டதால்தான்.