இரண்டு கயிறும் மூன்று டன்னும்

கிரேன் சுமைக்குக் கயிறு கட்டுகிறவருக்குப் பட்டறையில் 'கோணம்' என்று பட்டப்பெயர். எடையைக் கேட்பதற்கு முன்பே, கயிறு எவ்வளவு சாய்கிறது என்று பார்ப்பார். அதைக் கிண்டல் பண்ணாத ஆளில்லை. கிண்டல் பண்ணினவனெல்லாம் முழு உடம்போடு வீடு போய்ச் சேர்ந்தது யாரால் என்று ஒருத்தனும் யோசித்ததில்லை.

அன்றைக்குத் தூக்க வேண்டியது மூன்று டன் மெஷின். கூரை தாழ்வு என்பதால் நீளக் கயிறு கட்ட வழியில்லை; கொக்கியிலிருந்து மெஷினின் இரு முனைக்கும் குட்டைக் கயிறுகள் அகலச் சாய்ந்துதான் இறங்கும். கையிலிருந்தவை தலா இரண்டு டன்னுக்கு மேல் தாங்காத இரண்டு பழைய கயிறுகள். தடித்த கயிறு வர ஒரு மணி நேரமாகும்.

"கயித்துக்கு ரெண்டு டன், மொத்தம் நாலு. அப்புறம் என்ன யோசனை?" என்றார் சூப்பர்வைசர்.

"நேரா மேல இழுத்தா நாலு சார். இது சாய்ஞ்சில்ல இழுக்குது."

தரையில் குந்தி, டன்னுக்கு ஒரு சாண் என்று சாக்கட்டியால் கோடு போட்டார். ஒரு கயிற்றின் சாய்வில் மூன்று சாண். அது முடிந்த இடத்திலிருந்து மற்றதன் சாய்வில் மூன்று சாண். தொடங்கின இடத்தையும் முடிந்த இடத்தையும் இணைத்தால் நேர் மேலே மூன்றே சாண்.

"மூணும் மூணும் இங்க மூணுதான் சார். மிச்ச பலம் ஒண்ணையொண்ணு எதிர்த்து இழுக்கறதுலயே போயிடுது. ஒவ்வொரு கயிறும் தனியா மூணு டன் தாங்கணும்."

"பாடம் போதும். நீங்க கட்டலைன்னா கட்டறவனைக் கூப்பிடறேன்."

வேறெவனாவது கட்டினால் இன்னும் மோசமாகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அவரே கட்டினார். அதே பட்டறையில் வேலை பார்க்கும் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கிரேன்காரரிடம் போயிருந்தவர், அப்போதுதான் திரும்பி வந்து சுமை ஆடாமல் பிடித்துக்கொண்டார். இடுப்பளவு ஏறியதும் கயிறு அறுந்தது. மச்சானுக்கு வலது முழங்காலுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை.

விசாரணையில் சாக்கட்டிப் படத்தைப் பற்றி கோணமே வாய் நிறையச் சொன்னார், அது தன்னைக் காப்பாற்றும் என்று நம்பி. சூப்பர்வைசருக்கு ஆபத்து புரியவில்லை, கயிறு கட்டியவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது என்று எழுதினார்கள். தெரியாதவருக்கு இரண்டு நாள் பயிற்சி வகுப்பு, தெரிந்தவருக்கு வேலை போயிற்று.

அந்த எரிச்சலோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். நடந்த அநியாயத்தையெல்லாம், படம் போட்டது உட்பட, கொட்டித் தீர்த்தார். மச்சான் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ்வளவும் சூப்பர்வைசருக்குச் சொன்னீங்க மாப்பிள்ளை. கீழ நின்னது நான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"