எதிர்ச்சுற்று

மகனிடம் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்க்காக அறுபத்தெட்டு வயதில் இரண்டு மாதம் ஆட வேண்டியதாயிற்று.

என் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. கோயமுத்தூரில் தன் வீட்டில் எனக்கென்று ஓர் அறையை ஒழித்து, பெயிண்ட்கூட அடித்து வைத்திருந்தான் மகன். வாரம் தவறாமல் போன் செய்வான். "மலைமேல தனியா உழுந்து கெடந்தா யாருங்கம்மா வந்து பாப்பாங்க?" என்பான். நியாயமான கேள்விதான். எஸ்டேட் மருந்தகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவள் நான். விழுந்து கிடந்த கிழவிகளைத் தூக்கி உட்காரவைத்தவளுக்கு இது தெரியாதா? ஆனாலும் அந்த அறையை நினைத்தாலே அலுப்பாக இருந்தது. "இப்ப வர முடியாது கண்ணு. முதியோர் விளையாட்டுப் போட்டியில சேந்திருக்கறேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். ஏற்காடு கடைவீதியில் அதற்கான நோட்டீஸைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

அவன் விடவில்லை. "அப்ப நானும் வந்து பாக்கறனுங்க. தடுமாறாம போட்டிய முடிச்சீங்கன்னா அப்புறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன். தடுமாறுனீங்கன்னா அன்னிக்கே என்கூடக் கார்ல ஏறிடோணும்" என்றான். சரி என்றேன். வேறென்ன சொல்வது?

பெயர் கொடுக்கப் போனால் நடைப்போட்டிக்கும் எலுமிச்சம்பழ ஸ்பூனுக்கும் ஆள் நிரம்பிவிட்டது. மிச்சமிருந்தது ஸ்கொயர் டான்ஸ். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அதைக் கற்றுக்கொடுத்தார். ஏழு பேரைப் பிடித்துவிட்டு எட்டாவது ஆளுக்காகக் காத்திருந்தார். நான்கு ஜோடி, சதுரத்தின் பக்கத்துக்கு ஒரு ஜோடி. டீச்சர் வெளியே நின்று சொல்லச் சொல்ல, நாங்கள் கை கோர்த்து, விலகி, ஜோடி மாறி, மறுபடி பழைய இடத்துக்கு வந்து சேர வேண்டும். ஆண்கள் ஒருவரும் வரவில்லை. அதனால் எங்களில் நான்கு பேர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆண்களானோம். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. என் ஜோடி பக்கத்து ஊரான வெள்ளக்கடையில் காப்பியும் ஆரஞ்சும் விளைவிக்கும் ஓர் அம்மா. எனக்கு நாலைந்து வயது இளையவர், மொபெட்டில் வந்து இறங்குவார். 'நர்சம்மா' என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

தினமும் மாலை ஒரு மணி நேரம் பயிற்சி. வீடு திரும்பினால் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கக்கூடக் குனிய முடியாது. சோறு பொங்க அலுப்பாகி, பிரட்டைப் பாலில் தொட்டுத் தின்றுவிட்டுப் படுத்த நாட்கள் உண்டு. போயும் போயும் ஒரு பொய்க்கு இவ்வளவு கூலியா என்று என்மேலேயே எரிச்சல் வரும்.

எல்லாம் ஓரளவு படிந்துவிட்டது, ஒன்றைத் தவிர. எட்டுப் பேரும் கை கோர்த்து வட்டமாகச் சுற்றும்போது, டீச்சர் "திருப்பிச் சுத்து" என்பார். உடனே எதிர்த் திசையில் போக வேண்டும். ஒருவர் காலும் போகாது. பிறந்ததிலிருந்து கோயிலில் ஒரே பக்கமாக வலம் வந்த கால்கள். டீச்சர் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் என் ஜோடி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், எழவு ஊட்லதானுங்க அப்படிச் சுத்துவாங்க. உசுரோட இருக்கறவங்க எதுக்குங்க சுத்தோணும்?"

நான்தான் அவர்களை வழிக்குக் கொண்டுவந்தேன். நான் நர்ஸ், நாலு விஷயம் தெரிந்தவள் என்ற மிதப்பு. இது வெறும் டான்ஸ், கால் எந்தப் பக்கம் போனால் என்ன என்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் நடக்கவைத்தேன். என் ஜோடி கடைசியாக வந்தார். "நீங்க சொல்றதால வர்றனுங்க, எனக்கு நொம்பப் புடிக்கலீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

போட்டி அன்று மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். முதல் பாதியில் ஒரு தப்பும் இல்லை. கை கோர்த்தோம், சுற்றினோம். டீச்சர் "திருப்பிச் சுத்து" என்றார். அந்த நேரம் பார்த்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் மகன் நிற்பது கண்ணில் பட்டது. கையில் எனக்காகத் தண்ணீர் பாட்டில்.

போன வருடம் வாசலில் கிடத்தியிருந்த அப்பாவை, கையில் தண்ணீர்ச் சொம்போடு இதே எதிர்ப்பக்கமாக மூன்று முறை சுற்றினான் அவன். நான் கதவோரம் உட்கார்ந்து அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கால் நின்றுவிட்டது. நான் சொல்லிக்கொடுத்தபடி ஏழு பேரும் எதிர்ப்பக்கம் போக, நான் மட்டும் கோயில் சுற்றும் பக்கமாகத் திரும்பினேன். இரண்டு கையையும் இரண்டு பக்கம் இழுத்தது. முழங்கால் மடங்கியது. என் ஜோடி கையை விடவில்லை. இன்னொரு கையை இடுப்பில் கொடுத்து என்னைத் தூக்கி நிறுத்தி, நான் திரும்பிய பக்கமே அவரும் திரும்பினார். அவரைப் பார்த்து அடுத்தவர், அப்புறம் அடுத்தவர். கடைசிவரை எட்டுப் பேரும் வலமாகவே சுற்றி முடித்தோம். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். பரிசு இல்லை.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். மகன் பாட்டிலைத் திறந்து கொடுத்தான்.

"ஏனுங்கம்மா திரும்புனீங்க?"

"உன்னைப் பாத்தேன் சாமி. கையில சொம்போட பாத்த மாதிரி இருந்துச்சு."

அவன் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, "அந்தம்மா புடிக்காட்டி உழுந்திருப்பீங்க" என்றான்.

"ஆமா. தடுமாறிட்டேன். சொன்ன சொல்லு மாற மாட்டேன், உன்கூட வர்றேன்" என்றேன். உண்மையில் எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லு கண்ணு. அங்க நான் தப்பாத் திரும்பினா, யாரு என்கூடச் சேந்து திரும்புவாங்க?"

அவன் பாட்டிலை வாங்கி மூடினான். "இன்னிக்கு வேண்டாமுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் இறங்க வேண்டுமென்று குப்பனூர் மலைப்பாதை வழியாகத் தனியாகக் கிளம்பினான். ஜெயித்த சந்தோஷமெல்லாம் எனக்கு இல்லை. படுத்தால் போதும் என்றிருந்தது.

என் ஜோடி மொபெட்டில் என்னை வீட்டுவாசல்வரை கொண்டுவந்து இறக்கினார். துண்டு இன்னும் என் தோளிலேயே கிடந்தது. உள்ளே வந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன்.

"காப்பியெல்லாம் வேண்டாமுங்க, நீங்க போய்ப் படுங்க" என்றார், வண்டியைத் திருப்பிக்கொண்டே. "காலையில வந்து பாக்கறனுங்க."