ஒரே விலாசத்தில் மூன்று தண்டம்

காட்டு மரம் வெட்டித் தண்டம் கட்டியவர்களின் பட்டியலைத் தகவல் அறியும் உரிமையில் கேட்டு வாங்குவதற்குள் என் செருப்பு தேய்ந்துவிட்டது. கல்முனையிலிருந்து பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிற எனக்குப் பொறுமை கொஞ்சம்தான். பட்டியல் கைக்கு வந்த அன்றே ஒன்றைக் கண்டுபிடித்தேன். பெயர்கள் மூன்று, விலாசம் ஒன்று: சாய்ந்தமருதில் ஒரு வீடு.

போய்ப் பார்த்தேன். வாசலில் தச்சுப் பட்டறை. ஒருவர் கதவுப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். மகளின் கலியாணத்துக்குக் கட்டும் வீட்டுக்கு என்று எதிர்க்கடைக்காரர் சொன்னார். கள்ள மரம் வந்து சேரும் இடம் இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். தச்சரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கலியாணக் கதவையும் சேர்த்து, ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

அனுப்புமுன் மனைவிக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம், பாராட்டு வாங்கத்தான். அவள் பாராட்டவில்லை.

"உங்கட அடையாள அட்டையில எந்த விலாசம் கிடக்கு?" என்று கேட்டாள்.

உம்மாவின் வீட்டு விலாசம். மாப்பிள்ளையாக இவள் வீட்டுக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் நான் அதை மாற்றவில்லை. அந்த வீடு தங்கச்சிக்குச் சீதனமாகப் போய், இப்போது மச்சான் குடியிருக்கிறார்.

"அப்ப நீங்க களவெடுத்தா ஊர் மச்சானையா ஏசும்?"

கோபம் வந்தது. அவள் மேல் அல்ல என்று சொன்னால் பொய். இன்று நினைத்தால், அவளுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

மறுநாள் தச்சரின் மனைவியிடம் விசாரித்தேன். தண்டம் கட்டிய மூவரும் அந்தப் பெண்ணின் காக்காமார், மூத்த சகோதரர்கள். கலியாணம் முடித்து எப்போதோ வேறு ஊர்களுக்குப் போனவர்கள், என்னைப் போலவே அட்டையில் விலாசம் மாற்றாதவர்கள், கூலிக்கு மரம் வெட்டியவர்கள். திரும்பி வந்து பட்டியலை இந்த முறை அவசரப்படாமல் ஆறுதலாக வாசித்தேன். மூன்று வழக்கிலும் மரம் ஏற்றிப் பிடிபட்ட உழவு இயந்திரத்தின் இலக்கம் ஒன்றே. அதன் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்தேன். அவர் ஒரு மர வியாபாரி, பட்டியலில் அவர் பெயர் எங்குமே இல்லை. செய்தி அவரைப் பற்றித்தான் வந்தது.

பத்திரிகையோடு தச்சரிடம் போய், முதலில் எழுதியதையும் மனைவி தடுத்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் இழைப்பதை நிறுத்தினார்.

"அது வந்திருந்தா மாப்பிள்ள வீட்டார் இந்தப் பக்கம் திரும்பியும் பாத்திருக்க மாட்டாங்க," என்றார்.

பிறகு இழைப்புளியை மறுபடி கையில் எடுத்தார்.

"வீட்ட என்ட சலாத்தச் சொல்லுங்க. கலியாணத்துக்கு முதல் அழைப்பு அவங்களுக்குத்தான்."

எனக்கும் அழைப்பு உண்டா என்று கேட்கத் துணிவு வரவில்லை.