கீழ்வீட்டு உள்ளறையில் ஈரம்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருப்பவர்கள் இருவர்: பள்ளியில் கணிதம் கற்பிக்கும் ஒரு பெண்மணி, அவருடைய தாயார். மாடியில் நானும் என் மனைவியும் இருந்தோம். சென்ற ஆண்டு ஆவணியில் அவள் இறந்தபின் நான் மட்டும் இருக்கிறேன். குழாய், மின்விசிறி, சாக்கடை அடைப்பு என்று கீழேயிருந்து வந்த முறையீடுகளையெல்லாம் அதுவரை கேட்டு முடித்தவள் அவள்தான். யாரை அழைப்பது என்றுகூட இவருக்குத் தெரியாது என்று அவள் என்னைப் பற்றிச் சொல்வதுண்டு. அது உண்மையல்ல, ஆனால் நான் மறுத்ததில்லை. மறுத்தால் வேலை என்னிடம் வந்துவிடும்.

அவள் போன மூன்றாம் மாதம் ஆசிரியையிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வந்தது. உள்ளறைக் கூரையின் மூலையில் உள்ளங்கையளவு ஈரம். "மாமா, அவசரமில்லை. சௌகரியப்பட்டபோது பாருங்கோ" என்று எழுதியிருந்தார். "பார்க்கிறேன்" என்று பதில் அனுப்பினேன். அடுத்த படத்தில் ஈரம் தாம்பாளம் அளவு. அதற்கடுத்ததில் சுண்ணாம்பு உப்பிக் கொப்புளித்திருந்தது.

முதலில் பெயிண்ட் அடிக்க ஆள் அனுப்பினேன். இரண்டு வாரத்தில் உரிந்தது. பிறகு, வெளிச்சுவரில் விரிசல் என்று சொல்லி, கயிற்றில் தொங்கி வேலை செய்கிற ஒருவரைக் கொண்டு அந்தப் பக்கம் முழுவதையும் பூசவைத்தேன். மழை நின்ற பிறகும் ஈரம் பரவியது. முப்பத்திரண்டு ஆண்டுகள் பொறியியல் கல்லூரியில் கட்டடவியல் கற்பித்தவன் நான். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதல் படத்தைப் பார்த்தபோதே அறிந்திருந்தேன்.

அந்த மூலைக்கு நேர் மேலே, என் மனைவி கடைசி ஏழு மாதம் படுத்திருந்த அறையின் குளியலறை இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து அவளை அழைத்துவந்த அன்று, அவள் பிடித்துக்கொண்டு எழுவதற்காக அங்கே சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்தவைத்தேன். வழக்கமாக வரும் பிளம்பர்தான் வந்தார். அடையாற்றங்கரையில் பிறந்தவர், கரையோரக் குடிசைகளை அகற்றி அரசு அவர்களை நகருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றியபின் இரண்டு பஸ் பிடித்து வருகிறார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதுக்குள்ள தண்ணி லைன் போவுது. அரையடி தள்ளி போட்டுக்கலாம்" என்றார்.

அரையடி தள்ளினால் அவள் கை எட்டாது. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, கையை நீட்டச் சொல்லி, நானே பென்சிலால் குறித்திருந்த இடம் அது. "குறிச்ச இடத்துலயே போடுங்கோ" என்றேன். திருகாணி உள்ளே போய்க் குழாயைத் துளைத்திருக்கிறது. துளைத்த இடத்தைத் தானே அடைத்துக்கொண்டும் இருந்திருக்கிறது. துருவேறிய பிறகு நீருக்கு வழிவிட்டது. சமையலறைக்கும் அதே குழாய்தான் போகிறது என்பதால் அதை நிரந்தரமாக மூடிவைக்கவும் இயலாது. கசிவை நிறுத்தக் கம்பியைக் கழற்ற வேண்டும். கம்பியைக் கழற்ற, அவள் போனபின் நான் திறக்காத குளியலறைக் கதவைத் திறக்க வேண்டும்.

ஐந்தாம் மாதம் ஆசிரியை நேரில் வந்து கேட்டார். "வருஷாப்திகம் ஆகட்டும். அதுக்குள்ள ஆத்துல இடிக்கறது உடைக்கறதெல்லாம் வேண்டாம்னு பார்க்கறேன்" என்றேன். சடங்குகளில் எனக்கு ஈடுபாடு இல்லை என்பதைத் தெருவில் பலரும் அறிவார்கள். ஆயினும் துக்க வீட்டுக்காரன் ஓராண்டுக் கணக்கைச் சொன்னால் இங்கே யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. "சரி மாமா" என்று இறங்கிப் போனார். அதன்பின் படங்கள் வரவில்லை. எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

சித்திரையில் ஒரு காலை வீட்டுத் தரகர் தொலைபேசியில் அழைத்தார். "சார், கீழ் போர்ஷன் காலியாவுதாமே? டீச்சரம்மா கோபாலபுரத்துல வூடு பாத்துக்கினு கீறாங்க. இப்பவே சொல்லிவெச்சா நல்ல பார்ட்டியா இட்டாருவேன்."

எனக்குத் தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். வேறு குடித்தனக்காரர் கிடைப்பது இந்தப் பகுதியில் கடினமன்று. ஆனால் இவர்கள் போய்விட்டால், இந்தக் கட்டடத்தில் என் மனைவியின் குரலைக் கேட்டவர் என்னைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். அன்று பகல் முழுவதும் வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

மாலையில் கீழே இறங்கினேன். தாயாரின் கட்டில் கூடத்துக்கு வந்திருந்தது. அதில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"உள்ளே படுத்துக்கறதில்லையா?" என்று கேட்டேன்.

"போன மாசம் தலைமாட்டுல காரை விழுந்தது. நான் காபி குடிக்க எழுந்து போயிருந்தேன். இல்லேன்னா நீங்க ரெண்டாவதா ஒரு வருஷாப்திகத்துக்கும் காத்துண்டு இருந்திருக்கணும்" என்றார்.

"அம்மா" என்று மகள் தடுத்தார்.

"என்னடி அம்மா? குழாய் ரிப்பேருக்கு வருஷம் பார்க்கறவாளை இப்பத்தான் பார்க்கறேன். அதுவும் படிச்சவர்."

மகளிடம், "வீடு பார்த்தாச்சா?" என்றேன்.

"ரெண்டு பார்த்திருக்கோம். முடிவு பண்ணலை. லீவுல மாறினாத்தான் எனக்கு முடியும். உங்களைத் திரும்பத் திரும்பக் கேக்க மனசு வரலை, மாமா."

உள்ளறைக்குள் போய் அண்ணாந்து பார்த்தேன். காரை பெயர்ந்த இடத்தில் இரும்புக் கம்பிகள் துருவேறித் தெரிந்தன. படங்களில் வராத ஊறல் வாடை அறை முழுவதும் இருந்தது. வெளியே வந்து, "கசிவு எங்காத்துலேர்ந்துதான். எனக்கு முதல்லயே தெரியும்" என்றேன்.

"எங்களுக்கும் தெரியும்" என்றார் தாயார். "தண்ணி மேலேர்ந்துதானே வரும்."

மறுநாள் காலை பிளம்பர் வந்தார். "இன்னா சார், அம்மா இருந்தா இத்தினி மாசம் உட்டு வெச்சிருப்பாங்களா? எனுக்கு எட்டு தபா போன் வந்திருக்கும்" என்றபடியே மொட்டைமாடிக்கு ஏறித் தொட்டியின் வால்வை மூடிவிட்டு வந்தார். கதவை நானே திறந்தேன். ஈரத்தில் மரம் உப்பியிருந்ததால் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. நாற்காலி அங்கேயே கிடந்தது. நான் வாசற்படியிலேயே நின்றேன்.

மூன்று திருகாணிகள் எளிதில் வந்தன. நான்காவது பாதியில் முறிந்தது. மிச்சத்தைக் குறடால் பிடுங்கியபோது, குழாயில் தேங்கியிருந்த நீர் பீறிட்டு அவர் சட்டையை நனைத்தது.

"வூட்ல குளிச்சிட்டுதான் வந்தேன் சார்" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பவே சொன்னேன்" என்றார்.

"சொன்னீங்க."

"நீங்க எங்க கேட்டீங்க?" பிறகு சுவரைக் கொத்திக்கொண்டே, "அதுவும் தப்பில்ல சார். அம்மாவுக்கு எட்டணுமே" என்றார்.

புதுக் குழாய் வைத்துப் பூசி முடிக்கப் பிற்பகல் மூன்று மணி ஆயிற்று. பழைய நிறத்து டைல்ஸ் கிடைக்கவில்லை. வெள்ளையில் நான்கு பதித்தார். கம்பியை வேறிடத்தில் மாட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்தேன்.

அவர் போனபின் ஆசிரியைக்கு எழுதினேன்: "கசிவு நின்றுவிட்டது. கூரை காய இரண்டு மாதம் ஆகும். பிறகு காரை பூசித் தருகிறேன். அதுவரை இருப்பதும் போவதும் உங்கள் விருப்பம். முன்பே செய்திருக்க வேண்டும்."

பதில் வர ஒரு மணி நேரமாயிற்று. "மாமா, சமையலறை சிங்க் அடியிலும் பைப் ஒழுகறது. பொங்கல்லேர்ந்து வாளி வெச்சு ஓட்டிண்டிருக்கேன். போறவா எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன். இப்போ சொல்றேன்."

அதை இருமுறை படித்தேன். உடனே பிளம்பரை அழைத்தேன். பஸ்ஸின் இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

"இன்னா சார், மறுபடி ஒழுவுதா?"

"இது கீழ. சிங்க் அடியில."

"அடையாறு தாண்டிக்கினு கீறேன் சார். காத்தால வந்தா போதுமா?"

"எட்டு மணிக்கு வாங்க."

"ஏழுக்கே வந்துடறேன். டீச்சரம்மா ஸ்கூலுக்குக் கெளம்பிருவாங்க" என்றார்.