சட்டத்தின் வலது கீழ்மூலை

கண்காட்சிக்கு ஓவியங்களை எடுத்துவரப் போகும்போது கையில் ஒரு தாள் இருக்கும். எங்கே கீறல், எங்கே பூச்சி அரித்தது என்று படத்தின் சொந்தக்காரர் முன்னாலேயே பார்த்து எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கொச்சி மட்டாஞ்சேரியில் இருபது வருடமாக இந்தப் படம் சுமக்கிற வேலை. எத்தனையோ தாள் எழுதிவிட்டேன். ஒன்றுதான் மனதில் நிற்கிறது.

அது ராவுத்தருடையது. மிளகு மண்டிக்காரர், எங்களைப் போல வீட்டில் தமிழ் பேசுகிறவர்; மூத்தவர் என்பதால் இக்கா என்று கூப்பிடுவேன். படங்கள் வாங்கிச் சேர்ப்பார். இஞ்சி காயவைக்கும் பெண்களை வரைந்த ஒரு படம், மண்டிக்கு மேலே அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. கண்காட்சிக்காரர்கள் மூன்று தடவை கேட்டும் மாட்டேன் என்றார். நாலாவது தடவை, என்னைக் காட்டி, இவன்தான் கொண்டுபோக வேண்டும், இவன்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தார். நான் எழுதும்போது பக்கத்திலேயே நின்றார். சட்டத்தின் வலது கீழ்மூலையில் விரல் அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு கறுத்துக் கிடந்தது. எனக்குத் தெரிந்த மலையாள எழுத்தில் அழுக்கு என்று எழுதினேன். அவர் கண்ணாடி போடாமலே கையெழுத்துப் போட்டார்.

தாளில் அழுக்கு என்று இருந்தால் கண்காட்சிக் கூடத்தில் துடைப்பார்கள். துடைத்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

மூன்று மாதம் கழித்துத் திரும்ப மாட்டினேன். ராவுத்தர் கிட்டே வந்து அந்த மூலையைக் கட்டைவிரலால் தடவினார். கீழே லாரி போயிற்று. சுவர் அதிர்ந்து படம் கொஞ்சம் சாய்ந்தது. அவர் நிமிர்த்தவில்லை. லாரி போகும்போதெல்லாம் இப்படிச் சாயும் என்றும், தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு வீட்டுக்காரி அந்த மூலையில் தட்டி நேராக்குவாள் என்றும் சொன்னார். அந்த அம்மா இறந்து அப்போது இரண்டு வருடம்.

“அழுக்குன்னு எழுதினது ஆரு?”

“நான்தான் இக்கா.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா. பக்கத்துலதானே நின்னேன்.”

அதற்கு மேல் திட்டவில்லை. சாயா கொடுத்தார். குடித்தேன். மன்னிப்புக் கேட்காமலே படி இறங்கினேன். இப்போதும் அந்தத் தெருவில் போனால் அந்த மூலை ஞாபகம் வரும்.

இந்த வருடம் அதே படத்தை மறுபடி கேட்டு என்னைத்தான் அனுப்பினார்கள். தரமாட்டார் என்றுதான் போனேன். ராவுத்தர் எழுந்திருக்கக்கூட இல்லை.

“கொண்டு போ. இனி அதுல போறதுக்கு என்ன இருக்கு?”

படம் சாய்ந்தபடியே இருந்தது. இறக்கிவைத்து, ஒவ்வொரு அடையாளமாகக் கைவைத்து இது என்ன இக்கா என்று கேட்டேன். அது கரையான் என்றார். அது வெள்ளையடிக்க வந்தவனின் ஏணி பட்டது என்றார். எல்லாம் எழுதினேன். வலது கீழ்மூலை கடைசியில் வந்தது, அன்று துடைத்த சுத்தம் அப்படியே. அதை மட்டும் கேட்கவில்லை. வலது கீழ்மூலையில் குறை ஒன்றும் இல்லை என்று கடைசி வரியாக எழுதி நீட்டினேன்.

இந்தத் தடவை கண்ணாடி எடுத்துப் போட்டுக்கொண்டார். கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.