பிழையில்லாத சிலேட்டு

எங்கள் வீட்டில் எல்லாரும் ஒருசேரக் களைத்துப்போனது, அப்பாவுக்குக் கம்பியில்லாத் தந்திப் பைத்தியம் பிடித்த வருஷத்தில்தான். நாகர்கோவிலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் விஞ்ஞான வாத்தியார். பகலெல்லாம் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து, காப்பி குடித்த கையோடு செம்புக்கம்பி சுற்ற உட்கார்ந்துவிடுவார். அவர் செய்த பெட்டியைக் காதில் மாட்டிக்கொண்டால், கன்னியாகுமரி முனையைச் சுற்றிக் கொழும்புக்குப் போகும் கப்பல்கள் தந்தியில் பேசிக்கொள்வது கேட்கும். கேட்டுக்கேட்டு அவருக்கு ஏக்கம் வந்துவிட்டது. ஊர் உலகமெல்லாம் பேசுகிறது, நமக்கு மட்டும் வாய் திறக்க உரிமையில்லையே என்று. வீட்டிலிருந்து நாமே தந்தி அனுப்ப லைசென்ஸ் வேண்டும். லைசென்சுக்கு மதராசில் பரீட்சை. வருகிற தந்தியைக் கேட்டு எழுத வேண்டும், பிறகு தானே அடித்தும் காட்ட வேண்டும்.

கேட்டுப் பழகக் கப்பல்கள் இருந்தன. அடித்துப் பழகினால் கேட்பதற்கு அம்மாதான் இருந்தாள்.

அம்மாவின் ஒரு நாளைச் சொன்னால் படிக்கிறவர்களுக்கே கொட்டாவி வரும். விடியும் முன்னே எழுந்து தண்ணீர் இறைப்பு, அடுப்பு, மாடு. பிறகு மிஷன் பங்களாவுக்கு லேஸ் பின்ன வேண்டும். தலையணை மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளைக் கண் எரியும்வரை மாற்றி மாற்றிப் போட வேண்டும். கைக்குழந்தையாகத் தம்பி வேறு. இப்போது சொல்லும்போதே எனக்கு இடுப்பு வலிக்கிறது. சாயங்காலம் விளக்கு வைத்துக் குடும்ப ஜெபம் முடிந்து, 'ஆமென்' சொன்ன வாயை அவள் மூடும் முன் அப்பா சிலேட்டை நீட்டுவார்.

"எழுதுட்டி."

அப்பா தந்திக்கட்டையை அழுத்தினால் மேஜைமேல் பஸ்ஸர் ரீங்கரிக்கும். குறுக்கி ஒரு சத்தம், நீட்டி ஒரு சத்தம். இரண்டையும் விதவிதமாகச் சேர்த்தால் இங்கிலீஷ் எழுத்துகள். அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார். அம்மா படித்துக்கொண்டாள். எனக்கு மண்டையில் ஏறவில்லை.

அடிப்பதற்கு அவர் எடுத்துக்கொண்டது வேதவசனம். வீட்டில் இருந்த இங்கிலீஷ் அதுதான். அம்மாவோ மிஷன் போர்டிங்கில் படித்தவள். வெள்ளைக்கார அம்மாவின் முன்னால் நின்று அதே வசனங்களை மளமளவென்று ஒப்பித்துப் பரிசு வாங்கியவள். அப்பா முதல் இரண்டு சொல்லை அடிப்பார், அம்மாவின் குச்சி ஓடத் தொடங்கும். அவர் பாதி வசனத்தில் இருக்கும்போதே இவள் எழுதி முடித்து, சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவாள். அப்பா கட்டையை விட்டுத் தலையை நிமிர்த்தியதும் சிலேட்டை வாங்கி விளக்கருகே பிடிப்பார்.

"ஒரு எழுத்து பிசகல்ல, பாத்தியா மக்கா," என்பார் என்னிடம். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அம்மாவைப்போல வேகமாகத் தந்தி எழுத மதராசில்கூட ஆள் கிடையாது என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

அப்பா கோட்டு மாட்டிக்கொண்டு பரீட்சைக்குப் போனார். திருநெல்வேலிக்கு பஸ், அங்கிருந்து ரயில். நிமிர்ந்து போனவர், திரும்பி வந்தபோது வாசற்படி ஏறவே யோசித்தார். முகம் கழுவிவிட்டுத் துண்டை எடுக்காமலே நின்றார்.

"கேட்டு எழுதுனது எல்லாம் சரி. அடிச்சதுதான் ஒண்ணும் வெளங்கல்லண்ணு சொல்லிட்டான். எழுத்துக்கும் எழுத்துக்கும் எடவெளியே இல்லியாம். அங்கன உள்ள கட்டை ஒரே கனம், அதான்."

அம்மா சோறு போட்டாள்.

மறுநாள் ஜெபம் முடிந்ததும் அப்பா வழக்கமான வசனத்தைத் தொடங்கினார். அம்மா எழுதவில்லை.

"அது வேண்டாம். எனக்குத் தெரியாத எதாவது அடியுங்கோ."

அப்பா கொஞ்சம் யோசித்து ஏதோ அடித்தார். அம்மா முதல் தடவையாகத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். பிறகு எழுதியதை எழுத்தெழுத்தாக வாசித்தாள். அதில் ஒரு சொல்லும் இல்லை, சொல்லாகிற உத்தேசமும் இல்லை.

"அப்பம் இத்தன நாளும்?" என்றார் அப்பா.

"எனக்கு எல்லாம் மனப்பாடம். மொத வார்த்தை கேட்டா மிச்சம் தன்னால வந்திரும். வெள்ளன எழும்புத ஒடம்பு. சீக்கிரம் எழுதித் தந்தா செத்த கண்ணடைக்கலாம்லா."

ஒரு கணக்குப் பிசகினாலே கூரை அதிரக் கத்துகிறவர் அப்பா. இப்போது கத்தப்போகிறார் என்று நான் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு வெளிச்சத்தில் அவள் கண் சிவந்திருந்தது. "நீ கெடந்து ஒறங்கு," என்றார். அம்மா அங்கேயே பாயை விரித்துப் படுத்துவிட்டாள்.

கோபம் எனக்குத்தான். பள்ளிக்கூடத்தில் பீற்றியதையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது? சில நாள் அம்மா பக்கத்தில் உட்காரக்கூட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு திரிந்தேன். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த பரீட்சையில் அப்பா தேறினார். லைசென்ஸ் வந்தது. கடலுக்கு அப்பால் யார் யாரோடோ பேசினார், பேசியதை ஊரெங்கும் சொன்னார். ஆனால் இரண்டு பரீட்சைக்கும் நடுவில் இருந்த அந்தச் சாயங்காலங்களைப் பற்றி அவரும் பேசியதில்லை, அம்மாவும் பேசியதில்லை.

அப்போதெல்லாம் அவர் வசனம் அடிப்பதை விட்டிருந்தார். சிலேட்டும் கிடையாது. அம்மா பாயில் கிடப்பாள். அப்பா கொஞ்சம் அடிப்பார், நிறுத்தி அவளைப் பார்ப்பார், அதையே இன்னும் பைய, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு அடிப்பார். கேட்கவே எனக்கு அலுப்பாக இருக்கும். சற்றுக் கழித்து அம்மா கண்ணைத் திறக்காமலே, "முதுகுதான்," என்பாள். மறுபடி பஸ்ஸர். "நேத்தைக்கு இன்னைக்குக் கொறவுதான்." மறுபடியும், இம்முறை வெகு நேரம். "அதுக்கென்ன, விடுங்கோ."

வீட்டில் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பாவம், அலுப்பில் அம்மா உறக்கத்தில் பினாத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் தொட்டிலை ஆட்டினேன்.